கணக்குப்படி வர வேண்டிய தண்ணீர்

அத்தியாயம் 17

சென்ற வாரம் சுடர்விழியை பெங்களூரில் பஸ் ஏற்றிவிட்டதோடு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவள் வழியெல்லாம் தூங்கவில்லை. பக்கத்து இருக்கை அம்மாள் மட்டும் அவள் தோளில் தலை சாய்த்துக் கும்பகோணம் வரை நிம்மதியாகக் குறட்டை விட்டாள்.

குடவாசலில் இறங்கும்போது காலை ஏழரை. நின்றபடியே ஒரு டீ குடித்தாள். சர்க்கரை அதிகம். அதைக் கடைக்காரரிடம் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

மூன்று வாரமாகவே இப்படித்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்க அலுப்பு, எழுந்தால் நடக்க அலுப்பு. காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. தான் போட்ட ஒரு கணக்கு ஒரு மனுஷனைத் திருடனாக்கிவிட்டது என்ற நினைப்புதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

இந்த வாரம்தான் புதிதாக நம்மோடு சேர்ந்துகொண்டவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரில் சுடர்விழிக்கு விநோதமான உத்தியோகம். ஒரு குழாய்க்குள் எண்ணெயோ தண்ணீரோ ஓடினால், இந்த முனையில் உள்ள அழுத்தம் அந்த முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எவ்வளவு குறையும் என்று, குழாய் போடுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் ஓடவிட்டுச் சொல்ல வேண்டும். குழாயின் உட்புறத்தை லட்சம் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் என்ன செய்யும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். முடிவில் வண்ணப் படம் ஒன்று வரும். அழுத்தம் அதிகமான இடம் சிவப்பு, குறைந்த இடம் நீலம். அவள் அம்மா வேம்பு, தெருவில் கேட்பவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு குழாய்க்கு ஜாதகம் பாக்குற வேலை பாக்குது" என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

அப்பா ரெத்தினத்துக்கு நிலம் ஒன்றேகால் ஏக்கர். அதுவும் கடைமடையில். பண்ணையில் கூலிக்கு நின்ற குடும்பத்துக்கு யாரும் வாய்க்கால் தலைப்பிலா நிலம் விற்பார்கள்? கடைசித் துண்டைத்தான் விற்பார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தாலே அங்கே எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இந்த வருஷம் மேட்டூரும் திறக்கவில்லை.

சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் இளவழகன் போன தையில் லீவில் வந்தபோது, வீட்டுக் கொல்லையில் போர்க் கிணறு போட்டார்கள். அங்கிருந்து வயலுக்கு நானூறு மீட்டர். மண்ணுக்கடியில் மூன்று அங்குலக் குழாய் புதைத்தார்கள். அந்த வேலையை எடுத்துச் செய்தவர் வேம்புவின் தம்பி வீரையன், அந்த வட்டாரத்துக்கே அவர்தான் குழாய்க்காரர். குழாய் பாதி வழி போவதும் அவர் வயல் வரப்போரமாகத்தான்.

தண்ணீர் வந்தது. போதுமானதாக வரவில்லை. "பாப்பா, நம்ம குழாயில எவ்வளவு வரணும்னு நீ பாரேன்" என்றான் அண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத ஆபீசில் உட்கார்ந்து சுடர்விழி பார்த்தாள். இருநூறு லிட்டர் பீப்பாய் முப்பத்து மூன்று விநாடியில் நிரம்ப வேண்டும் என்று வந்தது. வயலில் அப்பா பீப்பாயை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பது விநாடி ஆயிற்று.

மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் காணோம். அவள் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை அண்ணன் சொன்னான், அதுவும் நேராக வீரையனுக்கே போன் போட்டு.

"கம்ப்யூட்டர்ல படமே வந்திருக்கு மாமா. நடுவுல யாரோ உறிஞ்சுறாங்க. நடுவுல இருக்கறது உங்க வயல்தான். உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்?"

வீரையன் போனை வைத்தார். அன்றிலிருந்து அக்காள் வீட்டுப் படி ஏறவில்லை.

வருகிற புதன்கிழமை திருக்கடையூரில் ரெத்தினத்துக்கும் வேம்புவுக்கும் அறுபதாம் கல்யாணம். இன்று சனிக்கிழமை.

*

"வந்துட்டியா. பல்லு வெளக்கிட்டு வா, இட்லி இருக்கு" என்றாள் வேம்பு.

"நீ சாப்ட்டியாம்மா?"

"ஆச்சு ஆச்சு."

ஆகவில்லை என்பது இட்லிப் பானையைத் திறந்தாலே தெரிந்தது. வேம்புவின் ரவிக்கை தோளில் தொளதொளத்தது. மூன்று வாரத்தில் பாதியாக இளைத்திருந்தாள்.

"மாமா..." என்று ஆரம்பித்தாள் சுடர்விழி.

"அந்தப் பேச்ச எடுக்காத" என்ற வேம்பு, உடனே அந்தப் பேச்சைத் தானே எடுத்தாள். "எனக்கு அப்பன் இல்ல, ஆத்தா இல்ல. பொறந்த வீடுன்னு இருக்கறது அவன் ஒருத்தன். கூறப்பொடவ அவன் கொண்டாரணும். அவன் கொண்டாராம நான் மணையில உக்கார மாட்டேன். உங்கப்பாவ வேணா தனியாப் போயித் தாலி கட்டச் சொல்லு."

"யாருக்கும்மா கட்டுறது?"

"அந்தக் கம்ப்யூட்டருக்குக் கட்டட்டும்."

சிரிக்கலாம் என்றுதான் சுடர்விழி நினைத்தாள். அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை.

"மாமா தண்ணி எடுத்தாரா இல்லையான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

"எடுத்திருந்தா?"

சுடர்விழி இட்லியைப் பிட்டாள்.

"சரி, எடுக்கலன்னா?" என்றாள் வேம்பு. "எடுக்கலன்னா என்ன பண்ணுவீங்க அண்ணனும் தங்கச்சியும்?"

சுடர்விழி பாதி இட்லியோடு தட்டை நகர்த்தி வைத்தாள்.

ரெத்தினம் வயலிலிருந்து வந்தார். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மகளைப் பார்த்ததும் நின்றார். சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"எதுக்கும்மா லீவு போட்டுட்டு வந்த. செவ்வாக்கெழம அண்ணன் வர்றப்ப வந்தாப் போதுமே."

"மோட்டார்கிட்ட பிரஷர் மீட்டர் ஒண்ணு மாட்டிப் பாக்கணும்ப்பா."

"அதெல்லாம் இப்ப எதுக்கு. விசேஷம் முடியட்டும்."

"விசேஷமே அதுலதானப்பா நிக்குது."

"பயிரு கதிரு விடப் பொதி கட்டுற நேரம், வயலு வெடிச்சுக் கெடக்கு. வர்ற தண்ணிய வச்சு நனைச்சு எடுத்தாலே போதும். யாரையும் நோண்ட வேணாம். விடும்மா."

கையில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே கொல்லைப் பக்கம் போய்விட்டார். அப்பாவுக்கு வாய் குறைவு. ஆனால் இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டது போல சுடர்விழிக்குத் தோன்றியது.

*

குடவாசல் கடைத்தெருவில் லியாகத் அலியின் குழாய்க் கடை. தூசி தட்டி ஒரு பிரஷர் மீட்டரை எடுத்து வைத்தார்.

"ரைஸ் மில்லுக்காரங்க கேட்டாத்தான் இது விக்கும். ஜாதகம் பாக்குற பொண்ணு நீங்கதானா? ரெத்தினம் மக?"

அம்மாவின் விளம்பரம் இங்கே வரைக்கும் வந்திருந்தது. தலையாட்டினாள்.

"அந்தா, மூலையில ஒரு சாக்கு இருக்கு பாருங்க. அதுவும் உங்க வீட்டுச் சரக்குதான். போன தையிலேருந்து கெடக்கு."

"என்னது அது?"

"கப்ளிங்கு. ரெண்டு குழாயச் சேக்குறதுக்கு நடுவுல மாட்டுவாங்கள்ல. வீரையன் அறுவது எடுத்துட்டுப் போனாரு. இந்தப் பக்கத்துல கப்ளிங்கு கேட்டு வாங்குற ஆளு அவரு ஒருத்தருதான். மத்தவங்க எல்லாம் வைக்கலக் கொளுத்தி, குழாய் வாயச் சுட்டு விரிச்சு, அடுத்த குழாயச் சொருகிட்டுப் போயிடுவாங்க. ரெண்டு நாள் கழிச்சு உங்கப்பா முப்பதத் திருப்பிக் கொண்டாந்தாரு."

"ஏன்?"

"அளந்ததுல நீளம் பத்தலையாம். இன்னும் அஞ்சு குழாய் வேணும்னாரு. மகன்கிட்ட திரும்பக் கேக்க சங்கடமா இருக்கு பாய், இத வச்சுக்கிட்டு அதக் குடுங்கன்னாரு. பழகின மனுஷன், எப்புடி மாட்டேங்கறது? எடுத்துக்கிட்டேன். இன்னும் போணியாகல."

சுடர்விழி கடை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வைக்கோல் தீயில் குழாய் சுடுவதை அவள் பார்க்காதவள் அல்ல. எட்டு வயதில் வைக்கோல் பிடியை நீட்டிக்கொண்டு நின்றவளே அவள்தான். குழாய் இளகி வளையும்போது வருகிற நெடிகூட ஞாபகம் இருக்கிறது. சூடு பதமாக இருந்தால் வாய் மட்டும் விரியும். கொஞ்சம் மிஞ்சினால் வாய்க்குப் பின்னாலுள்ள கழுத்தும் இளகிவிடும். அப்போது அடுத்த குழாயை அழுத்திச் சொருகினால் கழுத்து உள்பக்கமாகக் குழைந்து சுருங்கும். வெளியே பார்த்தால் தெரியாது. அதை மண்ணைப் போட்டு மூடியும் விடுவார்கள்.

ஒன்றிரண்டு என்றால் தண்ணீர் பொறுத்துக்கொள்ளும். இது முப்பது, முப்பத்தைந்து. ஒவ்வொரு கழுத்திலும் நெருங்கி, பிதுங்கி, சுழன்று போகும்போது கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தம் செத்துக்கொண்டே போகும்.

அவள் கம்ப்யூட்டரில் என்ன போட்டாள்? நீளம் நானூறு மீட்டர், உள்விட்டம் எழுபத்தைந்து மில்லிமீட்டர். ஒரே நேர்கோடு. அதில் ஒரு இணைப்புகூடக் கிடையாது.

யாரோ ஊரான் எண்ணெய்க் குழாய்க்கு ஒவ்வொரு வளைவையும் ஒவ்வொரு வால்வையும் எண்ணி எண்ணிப் போடுகிறவள். விட்டுப் போனால் மேனேஜர் திட்டுவார். அப்பன் வீட்டுக் குழாய்க்கு ஒரு கோடு போதும் என்று எப்படி நினைத்தாள்? நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமை அவசரத்தில் அவள் நேரம் ஒதுக்கியது அவ்வளவுதான். கடைத்தெருவில் நின்றபடி வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

ஆனாலும் இது இன்னும் ஊகம்தான். மீட்டர் சொல்ல வேண்டும். அவள் கணக்குப்படி மோட்டார் பக்கத்தில் முள் ஒன்றுக்குச் சற்றுக் கீழே, புள்ளி ஒன்பதில் நிற்க வேண்டும். நடுவில் யாராவது தண்ணீரை எடுத்தால் அதற்கும் கீழே இறங்கும். குழாய் அடைத்துக்கொண்டிருந்தால் மேலே ஏறும்.

அதை மாட்டுவதற்கு ஆள் வேண்டும். குடவாசலில் பிளம்பருக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீரையன் பதித்த குழாயில் வேறொருவனை வைத்துத் துளை போட்டால், பட்ட அவமானத்துக்கு மேலே இன்னொன்றை ஏற்றுவதாகும். மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு தெருக்கோடியில் இருக்கும் மாமா வீட்டுக்கு நடந்தாள்.

*

வீரையன் வாசலில் உட்கார்ந்து ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க. உக்காருங்க" என்றார்.

தோளில் தூக்கிக்கொண்டு நீடாமங்கலம் ரயிலடி வரை ரயில் காட்டப் போன மாமா. ஒரு நாளும் அவளை 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"மாமா, இத மோட்டார்கிட்ட மாட்டணும்."

"வேற ஆளப் பாருங்க."

"நீங்கதான் மாட்டணும். நான் போட்ட கணக்கு தப்புன்னு நெனைக்கிறேன்."

அரம் நின்றது.

"அந்தப் படத்தக் காட்டு" என்றார். "என்னத் திருடன்னு சொன்ன படத்த நான் இன்னும் பாக்கல."

பையிலிருந்த மடிக்கணினியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். திரையில் நீளமாக ஒரு குழாய், சிவப்பில் தொடங்கி மஞ்சளாகி நீலத்தில் முடிந்தது.

"செவப்புன்னா?"

"அழுத்தம் ஜாஸ்தி."

"நீலம்?"

"கம்மி."

"எனக்கு என்ன கலரு குடுத்த?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வீரையன் விரலை வைத்து அந்தக் குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக ஓட்டினார்.

"இதுல மூட்டு எங்க?"

"போடல மாமா."

"அறுவத்தஞ்சு மூட்டு இருக்குதே."

"ஒண்ணுகூடப் போடல."

வீரையன் மூடியை மெல்லச் சாத்தினார்.

"இது நம்ம குழாயே இல்லம்மா" என்றார். எழுந்து சாமான் பையை எடுத்துக்கொண்டார்.

*

பகலில் மும்முனை மின்சாரம் பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரைதான். பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வீரையன் துளையைப் போட்டு, கவ்வியை முறுக்கி, மீட்டரைப் பொருத்தி முடித்துவிட்டார். ரெத்தினம் வேப்பமரத்தடியில் தள்ளி நின்றார். வேம்பு அடுப்பில் எதையோ பாதியில் விட்டுவிட்டு வந்து, தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கரண்ட் வந்தது. சுடர்விழி சுவிட்சைப் போட்டாள்.

முள் நடுங்கிக்கொண்டு ஏறியது. அரை. முக்கால். புள்ளி ஒன்பதைத் தொட்டது. அங்கே நிற்கவில்லை. ஒன்றைத் தாண்டியது. ஒன்று புள்ளி மூன்றில் போய் நின்று, அதன் பிறகு அசையவில்லை.

"என்னடி சொல்லுது?" என்றாள் வேம்பு.

"தண்ணி எங்கயும் போகலம்மா. யாராவது எடுத்தா இது கீழ எறங்கும். இது ஏறி நிக்குது. உனக்கு டாக்டரு பிரஷரு பாத்துட்டு எங்கயோ அடைப்புன்னு சொல்வாருல்ல, அந்த மாதிரி. குழாய்தான் உள்ள சுருங்கியிருக்கு."

"அப்ப எந் தம்பி எடுக்கல."

"எடுக்கல."

வேம்பு அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மூணு வாரம்" என்று மட்டும் சொன்னாள். வீரையன் ஸ்பேனரைத் துடைப்பதுபோல மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"மாமா, எந்த எடத்துல தோண்டலாம்?" என்றாள் சுடர்விழி.

மோட்டாரை நிறுத்திவிட்டு நால்வரும் வரப்பில் நடந்தார்கள். வீரையன் தன் வயலைத் தாண்டினார். அதற்கும் அப்பால், கடைமடைப் பக்கம் போய்தான் மண்வெட்டியை இறக்கினார். தேடவில்லை, தயங்கவில்லை. எங்கே தோண்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டடி ஆழத்தில் குழாய். மண்ணைத் துடைத்ததும், மூட்டுக்குப் பக்கத்தில் கருகின தடம் தெரிந்தது. ரம்பத்தால் இரண்டு பக்கமும் அறுத்து ஒரு சாண் துண்டை வெளியே எடுத்தார். சுடர்விழி விரலை விட்டுப் பார்த்தாள். நாலு விரல் நுழைய வேண்டிய குழாய். கழுத்தில் இரண்டு விரல் போய் இறுகி நின்றது.

"யாரு இப்புடி வச்சது?" என்றாள் வேம்பு.

வீரையன் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"நாந்தாங்க்கா" என்றார் வீரையன். "அவசரத்துல சூடு மிஞ்சிப் போச்சு."

ரெத்தினத்தை அவர் பார்க்கவில்லை. ரெத்தினம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லியாகத் அலி கடைச் சாக்கு சுடர்விழியின் கண் முன்னால் வந்தது. கப்ளிங் இல்லாமல் குழாய் தொடாத மனுஷன் வைக்கோலைக் கொளுத்தினாராம். அக்காள் புருஷன் அறுபதாம் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் பெண்டாட்டி எதிரில் தலைகுனியக் கூடாது என்பதற்காக, ஒரு பழி இறங்கிய தோளில் இன்னொரு பழியைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். அப்பா சும்மா நிற்கிறார். பிறந்ததிலிருந்து அப்பாமேல் அவளுக்கு இப்படிக் கோபம் வந்ததில்லை. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தபோது போன் அடித்தது.

இளவழகன். அங்கே டீ நேரம். சேற்றுக் கையோடு பட்டனை அழுத்தியதில் ஸ்பீக்கர் வேறு ஆன் ஆகிவிட்டது.

"என்னாச்சு பாப்பா? மாமாதானே?"

"தண்ணிய யாரும் எடுக்கலண்ணே. மூட்டெல்லாம் சுருங்கியிருக்கு."

"அப்ப வேலை சரியில்ல. வச்சது அவருதானே? சுத்திச் சுத்தி அவருகிட்டதான வந்து நிக்குது."

வீரையன் ரம்பத்தைப் பையில் போட்டார். அரத்தைப் போட்டார். பையின் வாயை இழுத்துக் கட்டினார்.

ரெத்தினம் ஓரடி முன்னால் வந்து கையை நீட்டினார்.

"குடு."

போனை வாங்கிக் காதில் வைத்தார். ஸ்பீக்கரை அணைக்க அவருக்குத் தெரியாது.

"தம்பி, அப்பா பேசுறேன். சுட்டது நான்."

ரெத்தினம் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"மாமன் பாதி வரைக்கும் கப்ளிங்கு போட்டுட்டு, ஒரு கல்யாணத்துக்கு நீடாமங்கலம் போயிருந்தான். நீ பிளேனு ஏறுறதுக்குள்ள தண்ணி பாக்கணும்னு சொன்ன. குழாயும் பத்தல. உன்கிட்ட இன்னொருவாட்டி கேக்க மனசு வரல. கப்ளிங்கக் குடுத்துட்டுக் குழாய எடுத்தாந்து நானே ஒரு பகல்ல முப்பத்தஞ்சு மூட்டும் சுட்டுச் சொருகிட்டேன். ஊருல எல்லாரும் செய்யறதுதானேன்னு செஞ்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "நீ மாமன திருடன்னு கேட்ட அன்னிக்கே எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். சொல்ல வாய் வரல."

"..."

"தம்பி, இருக்கியா?"

"ம்" என்றான் இளவழகன். "டீ நேரம் முடிஞ்சிருச்சுப்பா. கூப்புடுறாங்க."

வைத்துவிட்டான்.

ரெத்தினம் போனை வேட்டியில் துடைத்து மகளிடம் நீட்டினார். சற்று முன் வந்த கோபத்தை சுடர்விழி தேடிப் பார்த்தாள், காணோம். அப்பா ரொம்பக் கிழவராகத் தெரிந்தார்.

வேம்பு புருஷனிடம் வரவில்லை. தம்பியிடம் போனாள்.

"தம்பி, புதன்கெழம..."

"மூட்டு இன்னும் முப்பத்தி நாலு இருக்குக்கா" என்றார் வீரையன். "நாளைக்குக் காலையிலேருந்து அறுப்போம். பாய் கடையில அந்தச் சாக்கு கெடக்கும், எடுத்தாரச் சொல்லு. மேல அஞ்சு வாங்கிக்கட்டும். பயிரு காயுது."

"பயிரக் கேக்கல. நான் கேக்குறது உன்னைய."

வீரையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அத்தான் சொல்லிட்டாரு. அது அவரோட பெரிய மனசு. சுடரு வாசப்படி ஏறி வந்துச்சு, அதுவும் சரி. போன்ல கேட்டவன் ஒருத்தன் இருக்கான்ல, செவ்வாக்கெழம வர்றான்ல? அவன் எம் வாசல்ல வந்து நின்னு மாமான்னு கூப்புடட்டும். பொடவய எடுத்துக்கிட்டு நான் முன்னால போறேன்."

"வரலன்னா?"

அவர் வரப்பில் நடந்து, தன் வயலைத் தாண்டி, சின்னதாகிக்கொண்டே போனார்.

வேம்பு அவர் மறையும் வரை பார்த்துவிட்டுத் திரும்பினாள். ரெத்தினம் இன்னும் அங்கேயேதான் நின்றார், அறுத்த குழாய்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு.

"மூணு வாரமா என் பக்கத்துல உக்காந்துதான சாப்ட்டீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நான் சாப்புடலன்னு தெரிஞ்சுதான சாப்ட்டீங்க."

வீட்டைப் பார்த்து நடந்தாள். ரெத்தினம் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

சுடர்விழி யார் பின்னால் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். அப்பாவிடம் உட்கார்ந்து ஆறுதல் சொல்லத் தெம்பில்லை. அம்மாவிடம் ஓடவும் தெம்பில்லை. கடைசியில் அம்மாவின் பின்னாலேயே போனாள். பாதி வழியில் போன் ஒருமுறை அதிர்ந்தது. அண்ணனிடமிருந்து ஒரு மெசேஜ்.

'செவ்வாக்கிழமை டிக்கெட்ட கேன்சல் பண்ணிடவா பாப்பா? மாமா மூஞ்சில எப்படி முழிப்பேன். அம்மாகிட்ட நீயே ஏதாச்சும் சொல்லிடு.'

இரண்டு முறை படித்தாள்.

முன்னால் போன வேம்பு திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "யாருடி அது? அண்ணனா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சற்று முன்தான் வயலில் பார்த்திருந்தாள். ஆனால் அம்மா இந்த மூன்று வாரத்தில் முதன்முறையாகக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள்.

"இல்லம்மா" என்றாள் சுடர்விழி. "ஆபீஸ்லேருந்து."